இப்பால் குற்றம், அப்பால் விருந்து

பத்மநாபபுரம் முதல் பாறசாலை வரை, நண்பர்களோடு ஒரு பனைவழிப் பயணம்

களியக்காவிளை தாண்டி, கேரளம் வரவேற்கும் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு கலயம் கள்ளோடு நீங்கள் நின்றால் குற்றம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு, கைது, கோர்ட் என்று அலைய வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் போய், உரிமம் பெற்ற கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சேர்த்து அதே கள்ளைக் குடித்தால் நீங்கள் கௌரவமான வாடிக்கையாளர். அதே மண், அதே மழை, பேச்சிலும் பாதி அதேதான். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ்தான்.

இந்தச் சாலையில் ஒரு முழுப் பயணம் போகலாம் என்ற யோசனைக்குக் காரணம், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் வேலை பார்க்கும் நண்பன். விடுமுறைக்கு வந்தவன் அல்சாஸ் ஒயின் சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். மார்லன்ஹைம் என்ற ஊரில் தொடங்கி தான் என்ற ஊர் வரை 170 கிலோமீட்டர். 1953-லேயே அறிவிக்கப்பட்ட சுற்றுலாப் பாதை. அலுவலக நண்பர்களோடு காரில் கிளம்பி, வழியில் தென்படும் திராட்சைத் தோட்டத்தில் எல்லாம் நிறுத்தி, உரிமையாளரே ஊற்றித் தரும் ஒயினை ருசித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்களாம். கார் ஓட்டுகிறவர் விழுங்காமல் துப்புவதற்கென்றே மேஜையில் ஒரு வாளி வைத்திருப்பார்களாம். அந்த வாளி எங்களை ரொம்பவே கவர்ந்தது. குடிக்கும் ஊர் எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறது பாருங்கள்!

“நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு உண்டா?” என்று கேட்டான். உண்டு என்றேன். பத்மநாபபுரத்தில் தொடங்குவோம் என்று முடிவாயிற்று.

சுண்ணாம்பும் கருப்பட்டியும்

தக்கலையிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே, வேளிமலை அடிவாரத்தில், 186 ஏக்கர் கோட்டைக்குள் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குத் தலைநகரம் மாறும் வரை திருவிதாங்கூர் ஆளப்பட்டது இங்கிருந்துதான். நிலம் தமிழ்நாட்டில், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கவுண்டரில் மலையாளமும் வெளியே வாழைப்பழக் கடையில் குமரித் தமிழும் கேட்கும். மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு சீப்பு வாங்கிக்கொண்டோம்.

அரண்மனையைப் பார்த்தவர்கள் மறக்காதது அந்தக் கறுப்புத் தரை. கண்ணாடியில் போல முகம் தெரியும். சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு என்று வழிகாட்டிகள் சேர்மானத்தை ஒப்பிப்பார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் கருப்பட்டிக் கரைசலும் கடுக்காய்ச் சாறும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். பனஞ்சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சுவர் நிற்கும். அதே இரண்டும் பனை உச்சியில், ஒரு கலயத்துக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருவோம்.

மார்த்தாண்ட வர்மா ஆண்டது 1729 முதல் 1758 வரை. ராஜ்ஜியத்தைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் நடந்தது 1750-ல். அதற்கு 6 ஆண்டு கழித்து, 1756-ல், போர்ச்சுகல்லில் பொம்பால் என்ற அமைச்சர் டோரோ பள்ளத்தாக்கைச் சுற்றிக் கருங்கல் தூண்களை நட்டு, ‘இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் போர்ட் ஒயின்’ என்று சட்டம் போட்டார். கலப்படம் பெருகி, போர்ட் ஒயின் பெயர் கெட்டுப்போய், விலை விழுந்திருந்த நேரம் அது. கலப்படம் நடக்கிறது என்று அவர் போர்ட் ஒயினைத் தடை செய்யவில்லை. எல்லை வகுத்தார், கண்காணித்தார். டோரோ ஒயினுக்கு இன்றைக்கும் உலகச் சந்தையில் இருக்கும் மரியாதைக்கு அடிப்படை அதுதான்.

அந்த ஆண்டுகளில் திருவிதாங்கூர் பனையிடம் எப்படி நடந்துகொண்டது? வரி வாங்கியது. மரத்துக்கு மட்டுமல்ல, ஏறுகிறவனின் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும் வரி. பனையேறிகளான நாடார் சமூகத்தின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859-ல்தான் அரசாணை பெற்றார்கள். அரண்மனையின் ஊட்டுப்புரையில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட இடமுண்டு. பனையேறிகளுக்கு அங்கே பந்தி விரிக்கவில்லை. ஐரோப்பிய ஒயின் கதையை நம் ஊரில் அப்படியே நடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் இங்கேதான் அடக்கமாகி இருக்கிறார், 1777-ல். கல்லறையில் லத்தீனும் தமிழும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த நண்பனுக்கு மரியாதையாக அங்கே பத்து நிமிஷம் நின்றோம்.

கலயத்துக்குள் என்ன நடக்கிறது

தக்கலையிலிருந்து கருங்கல் போகும் சாலையில் இறங்கினால், ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் பனைதான் என்பார்கள். இப்போது தென்னை, ரப்பர், மாடி வீடு. பெயரில் பனையைச் சுமக்கும் ஊர்களில்கூடப் பனையைத் தேட வேண்டியிருக்கிறது. செங்கல் சூளைக்கு விறகாகப் போனவை எத்தனையோ. 2021 வேளாண் பட்ஜெட்டில்தான், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. பனை நமக்கு மாநில மரம். அதற்கு இந்தக் காவல் வர இவ்வளவு காலம்.

கருங்கல்லைத் தாண்டி ஒரு விளையில், சொல்லி வைத்திருந்த பாட்டாவைச் சூரியன் சுடுவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். எழுபது வயதுக்குக் குறையாது. நெஞ்சிலும் கணுக்காலிலும் மரம் தேய்த்த காய்ப்பு. இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை அரிவாள். பக்கத்தில் சுண்ணாம்புக்கு ஒரு சின்னக் குடுவை. காலில் தளைநாரை மாட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, ஒரு மூச்சில் பாதி உயரம் போய்விட்டார். அறுபது எழுபது அடி. கயிறு, வலை, பெல்ட் எதுவும் கிடையாது. பனையேறி விழுந்து செத்தான், இடுப்பு ஒடிந்து படுத்தான் என்ற கதை இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு.

மேலே அவர் செய்வது மிக நுணுக்கமான வேலை. விரியாத பாளைகளை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனைக்கு ஒரு இடுக்கி, பெண் பனைக்கு வேறு இடுக்கி. பல நாள் பக்குவம் செய்த பிறகுதான் பாளை சுரக்கும். அதற்கப்புறம் காலையும் மாலையும் தவறாமல் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் சுரப்பு அடைத்துக்கொள்ளும். வீட்டில் கல்யாணமோ சாவோ, மரத்துக்கு விடுமுறை கிடையாது.

சொட்டும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றில் மிதக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும், ஒன்றிரண்டு நாளில் புளித்துக் காடியாகும். திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே ஈஸ்டால்தான். ஆனால் ஒயினைப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கள்ளுக்கு அந்த ஆயுள் இல்லை. மரத்தடியிலேயே, அன்றைக்கே குடித்துவிட வேண்டிய பண்டம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் அடங்கும், சாறு இனிப்பாகவே நிற்கும். மற்ற ஊர்களில் அது பதநீர். இங்கே அக்கானி.

ஆக, குமரி மாவட்டத்தில் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

பாட்டா இறக்கிய கலயத்திலிருந்து பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தார்கள். இரு கையாலும் பட்டையை ஏந்தி, ஓலை வாசத்தோடு சேர்த்துக் குடிக்க வேண்டும். முதலில் குளிர்ச்சி, பிறகு இனிப்பு, கடைசியில் தொண்டையில் சுண்ணாம்பின் மெல்லிய காரம். புளி மாங்காய்த் துண்டுகளைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் குடிப்பது இன்னொரு ருசி. ஸ்ட்ராஸ்பூர்க்காரன் ஒயின் ருசிக்கிற வழக்கத்தில் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தான். “விழுங்கு மக்களே, மருந்தா இது?” என்றார் பாட்டா.

“உங்களுக்குப் பிறகு யாரு ஏறுவா பாட்டா?”

“யாரு ஏறுவா? மவன் கல்ஃப்ல. பேரன் இஞ்சினியரு. நான் ஏறின மரத்துல அவனுவளுக்கு ஏறணும்னு விதியா?”

சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை, பெருமைதான். கருப்பட்டி விற்ற காசில் பிள்ளையைப் படிக்க வைத்த தலைமுறை அது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் எழுதிய ‘புத்தம் வீடு’ நாவலின் நாயகன் தங்கராஜ் ஒரு பனையேறி. பனை ஏறுகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்பதுதான் அந்தக் கதையின் சிக்கலே. அந்தத் தாழ்வைத் தாண்டி வந்த வீடுகளிடம் போய், பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று நகரத்துக்காரர்கள் வகுப்பு எடுப்பது அபத்தம்.

கொல்லையில் பாட்டி அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தார். எட்டுப் பத்து லிட்டர் அக்கானி வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைத் தூவினால் நுரை அடங்கும். கூப்பனி என்னும் பாகுப் பதம் தாண்டி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். மூன்று நான்கு மணி நேரம் புகைக்குள்தான் இருந்தார். ஆண்கள் மரம் ஏறுவதைப் படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள். இந்த அடுப்படிக்கு யாரும் வருவதில்லை. அவர் சொன்ன ஒரே புகார் விலையைப் பற்றி. கடையில் சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கிடைக்கும்போது, அசல் கருப்பட்டிக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? பொம்பால் தூண் நட்டது இந்தக் கேள்விக்குத்தான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறியீடு கொடுத்ததோடு சந்தையில் சோதனையும் வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

பனைமரங்களைத் தேடியே ஒருவர் நீண்ட சாலைப் பயணம் போயிருக்கிறார். மும்பையில் போதகராக இருந்த காட்சன் சாமுவேல், அங்கிருந்து மோட்டார் பைக்கில் பனைகளைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வந்து, ‘பனைமரச் சாலை’ என்று புத்தகம் எழுதினார். நாங்கள் போனது அப்படியொரு பயணத்தின் சின்னத் துண்டு.

மூடிய கடை, திறந்த கடை

கள்ளை மூடிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1921-ல் பெரியார் தன் தோப்பின் தென்னைகளை ஐந்நூறுக்கும் மேல் வெட்டிச் சாய்த்தார். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் கருணாநிதி அரசு தளர்த்தியது. சில ஆண்டுகளிலேயே கடைகளை மூடியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987-ல் கள், சாராயம் இரண்டையும் சேர்த்துத் தடை செய்தார்கள். கள்ளுக்குத் தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டு, 2023-24-ல் அரசுக்கு 45,855 கோடி ரூபாய் வருவாய் தந்தது. அந்தக் கடையில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். நல்ல கள்ளில் பொதுவாக 4 முதல் 8 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் செ.நல்லசாமியின் கள் இயக்கம் பல ஆண்டுகளாக வாதாடுகிறது. 2025 ஜூனில் திருச்செந்தூர்ப் பக்கம் பெரியதாழையில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கியதும் இதைச் சொல்லித்தான். எதிர்த்தரப்பை அலட்சியப்படுத்த முடியாது. கள்ளுக்கடையில் மயக்க மாத்திரை கலந்த காலத்தைப் பார்த்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலியைக் கடையில் விட்டுவிட்டு வரும் கணவன் குடித்தது கள்ளா பிராந்தியா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. முழு மதுவிலக்கு கேட்கிறவர்களின் வாதம் நேர்மையானது. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாற்பத்திரண்டு சதவீதத்தை அரசே விற்றுக்கொண்டு ஐந்து சதவீதத்துக்குக் கைவிலங்கு காட்டுவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே தேன் வாங்கிக்கொண்டு, குழித்துறை ஆற்றைக் கடந்து, களியக்காவிளை வழியாகப் பாறசாலை. பத்மநாபபுரத்திலிருந்து நேராக வந்தால் 25 கிலோமீட்டர்தான் எல்லை. பாறசாலை தாண்டி ஓர் உள்சாலையில், மலையாளத்தில் ‘கள்ளு’ என்று எழுதிய பலகை. கீழே உரிம எண். ஓட்டு வீடு, மரத் தடுப்புகள், பெஞ்சுகள். வாழையிலையில் மரச்சீனி மசியல், சிவக்கச் சிவக்கச் சாளைக்கறி. மரச்சீனியைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பியவர் 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா; பஞ்சத்துக்குச் சோறாக வந்த கிழங்கு, கள்ளுக்கு ஜோடியாக நிலைத்துவிட்டது. எரிகிற மீன்கறிக்கு மேல் புளித்த கள் ஒரு மடக்கு, காரத்தை அப்படியே கழுவிக்கொண்டு போகிறது. எந்த ஒயினுக்கு எந்தப் பாலாடைக்கட்டி என்று அல்சாஸில் மணிக்கணக்கில் விளக்குவார்களாம். இங்கே யாரும் எதையும் விளக்கவில்லை. குடும்பத்தோடு வந்த ஒருவர் பிள்ளைகளுக்கு அப்பம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்ட வேண்டிய நண்பன் மட்டும் எலுமிச்சைச் சாறு குடித்தான். துப்பும் வாளி இங்கே இன்னும் வரவில்லை.

கேரளத்தில் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் மரம் ஏற ஆள் இல்லை. கேரளக் கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு, இந்த எல்லையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பாலக்காட்டின் சித்தூரிலிருந்து வண்டியில் வருகிறது. கலப்படப் புகார்களும் ஓயவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கள் தொழிலாளிக்கு அங்கே 1969-லிருந்து சட்டப்படி ஒரு சேமநிதி உண்டு. மரத்திலிருந்து விழுந்தால் கேட்க ஒரு வாசல் உண்டு. கருங்கல் பாட்டா கள் இறக்கினால் அவர் குற்றவாளி. கள் இறக்கும் தொழிலாளி என்ற பெயரே இங்கே கிடையாது.

என் தீர்ப்பு இதுதான். கள்ளுக்கடைகளை ஏலம் விட்டுப் பழையபடி திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை; ஏலம் வந்தால் காண்ட்ராக்டர் வருவார், அவரோடு மாத்திரையும் வரும். பனை ஏறுகிறவருக்கே உரிமம் கொடுங்கள். அவர் மரத்தடியில், அவர் இறக்கியதை, அன்றைக்கே விற்கட்டும். சோதிக்கிற அதிகாரி கலயத்தைச் சோதிக்கட்டும், கருப்பட்டியையும் சேர்த்து. ஏறுவதற்குப் பாதுகாப்புக் கருவியும் விபத்துக் காப்பீடும் அந்த உரிமத்தின் பகுதியாக இருக்கட்டும். கள் வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தால், அக்கானிக்காவது பத்மநாபபுரத்திலிருந்து ஒரு சாலை அறிவியுங்கள். அரண்மனைக்கு வரும் பயணிகளுக்கு, சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பாட்டி கருப்பட்டி காய்ச்சுகிறார் என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். மாசி முதல் வைகாசி வரை போனால் அக்கானி கிடைக்கும். காலை 9 மணிக்குள் விளைக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் ருசி மாறும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கருப்பட்டியைக் காய்ச்சுகிறவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். எல்லைக்கு அப்பால் கள் பிடித்துப்போனால் அங்கேயே குடித்துவிட்டு, வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். வீட்டுக்கு ஒரு பாட்டில் எடுத்து வராதீர்கள். களியக்காவிளையில் பிடித்தால் ஜாமீன் எடுக்க வேண்டியிருக்கும். அதே செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்துவிடும்.